படை வருமுன் நம் கடமை

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய், டோல்கேட்டுக்கு வடக்கேயுள்ள எர்ணாவூர்க் கரையில் கருஞ்சேறாய்த் திரண்டு ஒதுங்கியது. கடலோரக் காவல் படையினர் விரைந்து வந்தனர். அவர்களோடு மீனவரும் மாணவரும் தொழிலாளரும் தோள் சேர்ந்து நின்று, அச்சேற்றை வாளி வாளியாக அள்ளினர்.

அவ்வுழைப்பைப் போற்றுகிறோம். ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கடலில் எண்ணெய் சிந்தினால் தடுப்பு வேலைகளை ஒருங்கிணைப்பது அப்படையின் பொறுப்பு; கரையைத் துப்புரவாக்குவதோ மாநில நிர்வாகத்தின் பொறுப்பு. கரையில் தக்க கருவிகள் ஆயத்தமாக இருந்திருந்தால், கைவாளியை நம்பும் நிலை வந்திருக்குமா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் படைகளின் உதவியைக் கண்டோம். ராணுவத்தினர் படகுகளில் சென்று மக்களை மீட்டனர். சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. இவற்றைக் கண்ட சிலர், "ஆபத்துக் காலத்தில் எல்லாவற்றையும் ராணுவத்திடமே ஒப்படைத்துவிடலாமே" என்கின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. சிவில் அதிகாரி அழைக்க, படை வந்து உதவி, பணி முடிந்ததும் பாசறைக்குத் திரும்புவதே குடியாட்சிக்கு ஏற்ற முறை. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கலெக்டரும் மந்திரியுமே, படைவீரர் அல்லர். மேலும், எந்தச் சந்தில் நடக்கவியலாத முதியவர் இருக்கிறார் என்பதை வெளியூர்ப் படைவீரர் எவ்வாறு அறிவார்?

அதனை அறிந்தவர் நாம். குழித்தறியில் ஒருமுறை நீர் புகுந்தால் பாவும் நூலும் பாழ். களஞ்சியம் நனைந்தால் அடுத்த பருவத்து விதையும் பாழ். படகு வரும் வரை இவை காத்திருக்குமா? ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு சங்கமும் ஒரு ஜாபிதா தயாரிக்க வேண்டும். தாழ்ந்த இடத்திலுள்ள தறிகள் எவை, நூலையும் விதையையும் ஏற்றி வைக்க மேடான இடம் எது, முதலில் மீட்க வேண்டியவர் யார், படகும் வண்டியும் யாரிடம் உள்ளன என்பவற்றைக் குறித்து, ஒரு பிரதியைத் தாசில்தாரிடம் சேர்ப்பித்தல் நலம். அந்த ஜாபிதா கையிலிருந்தால், வரும் படையும் வழி தேடி அலையாது.

படையின் உதவி கடைசித் துணையாக இருக்கட்டும். முதல் துணை அண்டை வீட்டாரே. கூட்டுறவு என்னும் சொல்லின் பொருளும் அதுவேயன்றோ?