பட்டாசுக்கு உரிமம் உண்டு... பள்ளி ஆலோசகருக்கு?

சிவகாசியில் பட்டாசு ஆலை நடத்த உரிமம் வேண்டும்; காலாவதியானால் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால், வெடிவிபத்தில் அம்மாவை இழந்த பிள்ளையிடம் பேசும் பள்ளி கவுன்சலருக்கு? தமிழ்நாட்டில் அப்படியொரு உரிமமே கிடையாது.

மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். எம்.ஏ. உளவியல் முடித்து நேரே பள்ளிக்கு வருபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில், குழந்தைகள் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பயிற்சியைச் சரிபார்ப்பது யார்?

மருந்து வெடித்தால் என்னாகும் என்று விருதுநகர் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மனசுக்கும் அதே கவனம் வேண்டும். ஆலோசகர் பதிவை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.