பரங்கிப்பேட்டையில் ஒரு நடுகல் வேண்டும்

லால்பேட்டைக்காரருக்கும் சிதம்பரத்துக்காரருக்கும் பரங்கிப்பேட்டை அக்கம்பக்கத்து ஊர்தான். 1781 ஜூலை 1 அன்று அங்கிருந்து கடலூருக்குக் கிளம்பிய ஆங்கிலப் படையை மைசூரை ஆண்ட ஹைதர் அலி வழிமறித்தார். தளபதி அயர் கூட் மணல்மேடுகளை மறைவாக்கிக்கொண்டு படையை நகர்த்த, மைசூர்க் குதிரைப்படை பாய்ந்தது. தரையிலிருந்து பீரங்கி, கடலில் நின்ற கப்பலிலிருந்து பீரங்கி. ஹைதரின் மைத்துனர் மீர் சாகிப் அந்தப் பாய்ச்சலில் படுகாயமடைந்து மாண்டார். அவரோடு விழுந்த குதிரை வீரர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. வென்ற தளபதிக்கோ லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் செலவில் பளிங்குச் சின்னம் எழுந்தது. அன்று அவர் படையில் இருந்த இளைஞர் தாமஸ் மன்றோ, பின்னாளில் ஆளுநராகி, 1839 முதல் சென்னையில் வெண்கலக் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். மன்றோ சிலையை நான் குறை சொல்லவில்லை. மக்கள் மதித்த நிர்வாகி அவர். ஆனால் முதல் உலகப் போரில், 1918-இல் ஹைஃபாவில் ஆங்கிலேயருக்காகக் குதிரையேறிப் போரிட்ட மைசூர் வீரர்களுக்கு டெல்லி தீன்மூர்த்தியில் 1922-லேயே சிலை வந்துவிட்டது. ஆங்கிலேயரை எதிர்த்து இங்கே விழுந்த மைசூர் வீரர்களுக்கும் ஒரு கல் நட வேண்டும் என்கிறேன்.

ஹைதரின் குதிரைகள் கர்நாடகச் சீமையின் ஊர்களை எரித்தனவே, அவர்களுக்கா கல் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1780 படையெடுப்பில் குடியானவர் பட்ட பாட்டை மறைக்கக் கூடாது. கல்லிலேயே அதையும் பொறிக்கலாம். நம் முன்னோர் ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டார்கள், கவரப் போய் மாண்டவனுக்கும் நட்டார்கள். குதிரைமேல் வேலோடு நிற்கும் வீரனைச் செதுக்கிய நடுகற்களும் நம்மிடம் உண்டு. அந்த மரபு மன்னனின் கொள்கையை எடைபோடவில்லை, உயிர்விட்டவனை நினைத்தது.

இது ஒரு மதத்தாரின் சின்னமாகிவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. ஹைதரின் படையில் பல மதத்தவர் இருந்தார்கள். கம்பெனிக்காக எதிரே நின்று மடிந்த தென்னாட்டுச் சிப்பாய்களையும் அதே கல்லில் சேர்க்க வேண்டும். கூலிக்குப் போனவர்கள் என்று அவர்களைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பிரமாண்டமான வெண்கலக் குதிரை வேண்டாம். ஆளுயரக் கருங்கல் ஒன்று, அதில் சேணமிட்ட, ஆள் இல்லாத குதிரை, தமிழிலும் உருதுவிலும் கன்னடத்திலும் தேதி. கடலூர் சாலையோரம், பள்ளிப் பிள்ளைகள் இறங்கி நின்று படிக்கக்கூடிய இடத்தில் அது இருந்தால் போதும்.