அடுப்பை அணைக்கும் பால்

சென்ற வாரம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் என்கிறீர்களே, ஸார்! பின் ஏன் இன்னும் விழுங்கித் தீர்க்கவில்லை?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் நகைத்தார்கள். எனக்கு நகைப்பு வரவில்லை. வானசாஸ்திர நிபுணர்களை நெடுநாள் திகைக்க வைத்த விஷயமல்லவா அது?

தொலைவிலுள்ள நட்சத்திரங்கள் கருந்துளையைச் சுற்றி வருமேயன்றி அதனுள் விழமாட்டா. இது பாதி விடை. மறு பாதிதான் விசித்திரமானது.

கன்னி ராசியின் திசையில், சுமார் 5.5 கோடி ஒளியாண்டுத் தூரத்தில், எம் 87 என்ற மாபெரும் நட்சத்திர மண்டலம் இருக்கிறது. அதன் நடுவே, ஏறக்குறைய 650 கோடி சூரியன்களின் எடையுள்ள கருந்துளை ஒன்று உண்டு. 2019-ம் வருஷம் அதன் நிழலைப் படமாக வெளியிட்டார்கள். அதன் குறுக்களவு, ஒளி ஒன்றரை நாளில் கடக்கும் தூரமே. மண்டலத்தைக் கடக்கவோ ஒளிக்கு ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் வேண்டும். மலை நடுவே கடுகு என்னலாம். ஆயினும் அந்தக் கடுகு மலையை ஆட்டி வைக்கிறது!

எப்படி என்று பார்ப்போம். உள்ளே வரும் வாயு நேராக விழுவதில்லை. நீர்ச்சுழி போல வட்டமிட்டு, உராய்ந்து, கொதித்து ஒளிர்கிறது. சில மண்டலங்களில் அவ்வொளியின் அழுத்தமே வாயுவைப் புயலாக வெளியே தள்ளுகிறது. எம் 87-லோ காந்த சக்தியால் ஒரு தாரை கிளம்பி, ஒளிக்குச் சமீபமான வேகத்தில் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரம் பாய்கிறது. ஹீபர் கர்ட்டிஸ் என்னும் அமெரிக்கர் 1918-லேயே அதைக் கண்டு குறித்து வைத்தார்.

நட்சத்திரம் பிறக்க வேண்டுமானால் வாயு குளிர்ந்து ஒடுங்க வேண்டும். தாரையோ சுற்றிலுமுள்ள வாயுவை ஆறவொட்டாமல் சூடேற்றுகிறது. ஆகவே அங்கே புது நட்சத்திரங்கள் பிறப்பது அரிதாகிவிட்டது. நம் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999-ல் விண்ணேறிய சந்திரா தொலைநோக்கி, பெர்ஸியஸ் மண்டலக் கூட்டத்தில் இத்தகைய தாரைகள் வாயுவில் குடைந்த பெருங் குமிழிகளைக் காட்டியது. அங்கே வாயுவில் பரவும் ஒலி அலைகளின் தடத்தை 2003-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

விறகடுப்பில் பால் பொங்குவதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். பால் வழிந்து நெருப்பில் விழுந்தால் தணல் அவியும். தணல் அவிந்தால் பொங்குதலும் அடங்கும். கருந்துளையின் கதையும் அதுவே. உண்ணும் வேகமே உணவை விரட்டிவிடுகிறது. உணவு குறைந்தால் தாரை தளரும், வாயு ஆறி மீண்டும் உள்ளே விழும், மறுபடியும் பொங்கும்.

நமது பால்வீதியின் நடுவிலும் 40 லட்சம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளை உண்டு. அது இப்போது பெரும்பாலும் பட்டினிதான்.

இவ்வளவையும் கேட்ட அந்தப் பையன், "அப்படியானால் அது நல்லதா, கெட்டதா, ஸார்?" என்றான். இம்முறை ஒருவரும் நகைக்கவில்லை. நல்ல வேளையாக மணி அடித்தது!