தேருக்குப் பின்னாலும் ஒரு வடம்

மதிப்பிற்குரிய திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

நான் கொடைக்கானல் மேல்மலையில் உள்ள பூம்பாறையில் பிறந்தவள். கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். இது திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்திருக்க வேண்டிய மனு. எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல்லுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். பூண்டுத் தோட்டத்தில் வேலை இருக்கும் நாளில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யாரும் மலையிறங்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து நான் எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயது நடந்தபோது என்னைப் படிப்புக்காகக் கீழே அனுப்பினார்கள். சமவெளியை நாங்கள் ‘கீழே’ என்றுதான் சொல்வோம். ஒரு தகரப் பெட்டி, இரண்டு ஸ்வெட்டர், ஒரு போர்வை. கீழே போனபின் ஸ்வெட்டருக்கு வேலையே இல்லை. ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசனை வரும். அறுவடை செய்த பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவோம். அந்தப் புகை துணியில் ஏறியிருந்தது. விடுதிப் பிள்ளைகள் என்னைப் ‘பூண்டு’ என்று கூப்பிட்டார்கள். அதற்காக நான் அழவில்லை. அழுதது வேறொன்றுக்கு. ஐந்து மாதம் கழித்து விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்த தம்பி எழுந்து நின்று, “வாங்கக்கா” என்றான். அதுவரை ‘நீ, வா, போ’ என்று என் பின்னலைப் பிடித்து இழுத்தவன். ஐந்து மாதத்தில் நான் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகிவிட்டேன்.

அவன் ஊரிலேயே இருந்தான், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். அப்பாவோடு தோட்டத்துக்குப் போனான். இன்றைக்கு அப்பாவுக்கு முழங்கால் வலி எந்தப் பக்கம், அம்மா எந்த நாளில் விரதம், எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த வங்கிப் படிவத்தை அவனால் தனியாக நிரப்ப முடியாது. படிப்பு எனக்குக் கிடைத்தது, வீடு அவனுக்குக் கிடைத்தது. இரண்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்திருக்க வேண்டும். ஐயா, அம்மா, யார் இந்த நாற்காலியில் இருந்தாலும் உங்களிடம் நான் கேட்க வந்தது இது ஒன்றுதான்.

எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கும் சாமியே ஒரு குழந்தை. குழந்தை வேலப்பர். அந்தப் பெயர் வந்த கதையை எங்கள் வீட்டு அடுப்படியில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மலைக்கு வந்த அருணகிரிநாதர் இரவில் படுத்து உறங்குகிறார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வருகிறாள். முருகன் குழந்தையாக வந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று எண்ணி அவள் தொடாமல் திரும்பிப் போகிறாள். இது ஊர் சொல்லும் கதை. தாயும் பிள்ளையும் சேர்ந்து இருக்கும் இடத்தை ராட்சசிகூடத் தொடமாட்டாள் என்று நம்புகிற ஊரில், பத்து வயதுப் பிள்ளையைப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்புவதை இயல்பாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

சென்ற மே மாதம் என் மகனை அழைத்துக்கொண்டு இருபது நாள் ஊரில் இருந்தேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்ததில்லை. அம்மாவோடு பீன்ஸ் நறுக்கினேன், அப்பாவுக்குத் தைலம் தேய்த்தேன். மாலையில் தம்பியின் பிள்ளைகளையும் என் மகனையும் திண்ணையில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுப் பிள்ளைகளோடு தொடங்கியது மூன்றாம் நாள் ஒன்பதானது. அவர்களில் ஒரு சிறுமி. பூண்டு நடவுக்கு வந்த கூலிக் குடும்பத்துப் பிள்ளை, ஒன்பது வயது இருக்கும், இடுப்பில் எப்போதும் தம்பிப் பாப்பா. “கிலோ 180 ரூபாய்ன்னா ஏழரைக் கிலோ எவ்வளவு?” என்று விளையாட்டாகக் கேட்டேன். நான் மனசுக்குள் பெருக்கி முடிப்பதற்குள், “ஆயிரத்து முன்னூத்தி அம்பது” என்றாள். வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போகும் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. சரி, எழுது என்றேன். சிலேட்டில் 1000350 என்று எழுதினாள்.

அந்தச் சிலேட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவளுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரத்தின் பூஜ்யங்களுக்குள் முன்னூற்று ஐம்பது போய் உட்காரும் என்று அவளுக்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டவில்லை, அவ்வளவுதான். நான்கு நாளில் பிடித்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் வரவில்லை. நடவு முடிந்து, குடும்பம் வேறொரு மேல்மலை ஊருக்குப் போய்விட்டது. மன்னவனூரா, கவுஞ்சியா, கிளாவரையா, கேட்டவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வண்டிகளை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் மூலம் எண்ணுகிறீர்கள். மலை தாங்குமா என்று அறிய அந்தக் கணக்கு தேவைதான். அதேபோல் ஒவ்வொரு பூண்டுப் பருவத்திலும் வேலை தேடி ஊர்விட்டு ஊர் நகரும் குடும்பங்களின் பிள்ளைகளையும் பெயர் பெயராக எண்ணுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும் சொல்கிறது. ஆனால் கூலிக்கு வந்த தாய்க்கு அந்தச் சட்டம் இருப்பது தெரியாது. நடவு தொடங்கும் வாரத்திலும் அறுவடை தொடங்கும் வாரத்திலும் ஒருவர் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னால் போதும். அந்தப் பிள்ளை தாயோடும் இருக்கும், மறுநாளே அருகிலுள்ள பள்ளியிலும் இருக்கும்.

எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு ஊரே சந்தோஷப்பட்டது. அந்தக் குறியீட்டுக்காக உழைத்தவர்களில் கொடைக்கானலில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தாரும் உண்டு. பூண்டுக்காக எங்கள் தோட்டம் வரை வந்தவர்கள் எங்கள் பிள்ளைகளுக்காகத் திண்ணை வரை வருவார்கள் என்று நம்புகிறேன். அங்கே படிக்கும் பெண்கள் மாதம் இரண்டு சனிக்கிழமை மேல்மலைப் பள்ளிகளுக்கு வர நீங்கள் ஓர் ஏற்பாடு செய்யலாம். தங்களைவிடக் கொஞ்சம் மூத்த ஓர் அக்கா பல்கலைக்கழகம் போகிறாள் என்று கண்ணால் பார்ப்பது எங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். நான் அப்படி ஒருத்தியை முதன்முதலில் பார்த்தது பதினேழு வயதில்.

மாலை வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை அந்தந்தத் தெருப் பெண்களை வைத்தே மீட்ட திட்டம் அது. அதே வழியில் மேல்மலையில் எதைச் செய்தாலும், எங்கள் ஊர் மாலையைப் பார்த்து நேரம் குறியுங்கள். பள்ளி நாலரைக்குள் முடிகிறது. தோட்டத்துக்குப் போனவர்கள் திரும்ப ஆறு ஆகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் மேகம் இறங்கும், காட்டுமாடு ஊரோரம் வரும், பிள்ளைகள் பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பு அப்போது நடக்கட்டும், சுண்டலும் சூடாக ஒரு டம்ளர் பாலும் இருந்தால் இன்னும் நல்லது. ஆறு மணிக்கு மேல் பிள்ளையை அதன் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். குளிருக்கு எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்காரும் நேரம் அது. பகல் முழுக்கக் குனிந்து களை எடுத்த தாய்க்குப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கிடைப்பது தூங்கப் போகும்வரை உள்ள அந்த இரண்டு மணி நேரம். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா எனக்குக் கூட்டலைச் சொல்லிக்கொடுத்தது அந்த அடுப்படியில்தான், பூண்டுப் பல்லை வைத்து. படிப்பின் பேரால்கூட அந்த நேரத்தை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

விடுதிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வேண்டுகோள். தைப்பூசத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் தேரோட்டம் நடக்கும். வெளியூரில் இருக்கும் அத்தனை பேரும் வந்து சேரும் நாள். நான் விடுதியில் இருந்த ஐந்து வருடமும் அந்தத் தேரைப் பார்க்கவில்லை, பரீட்சை நெருங்குகிறது என்று விடவில்லை. எந்த விடுதி என்பது இப்போது முக்கியமில்லை. திருவிழாக்களுக்கு உள்ளூர் விடுமுறை விடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. மாவட்டத்தின் எந்த விடுதியில் இருந்தாலும் மேல்மலைப் பிள்ளைகளை அவரவர் ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஓர் உத்தரவு போடுங்கள். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணத்துக்கு வழி செய்யுங்கள். தம்பி அக்காவை ‘வாங்க’ என்று அழைக்கும் நிலை இன்னொரு வீட்டுக்கு வர வேண்டாம்.

அந்தத் தேரைப் பற்றிச் சொல்கிறேன். மலைச் சரிவில் ஓடுகிற தேர் என்பதால் அதற்கு முன்னால் மட்டும் அல்ல, பின்னாலும் வடம் உண்டு. முன்னால் இருப்பவர்கள் இழுப்பார்கள், பின்னால் இருப்பவர்கள் பிடித்து நிறுத்துவார்கள். பின்வடத்தை விட்டால் தேர் பள்ளத்தில் போய்விடும். ஊரைவிட்டுப் போன எங்களைப் போன்றவர்கள் இத்தனை வருடம் முன்வடத்தை மட்டுமே பிடித்தோம். நன்கொடை கேட்டார்கள், கொடுத்தோம். கோயிலுக்கு விளக்கு, பள்ளிக்கு மின்விசிறி. பூம்பாறைக் குளிருக்கு மின்விசிறி எதற்கு என்று கேட்கக்கூட ஊரில் இருந்து நாங்கள் பழகியிருக்கவில்லை.

ஊர்ப் பள்ளியை ஊர்தான் தாங்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவு வந்தது. 1958-இல் கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தியபோது பெஞ்சும் கடிகாரமும் கட்டடமும் ஊர் ஊராக மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் அதன் வாரிசுதான். 2024 ஜனவரியில் மதுரை யா.கொடிக்குளத்தில் பூரணம் அம்மாள் என்ற வங்கி ஊழியர், இறந்துபோன தன் மகள் ஜனனியின் நினைவாக, அந்த ஊர் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். அரசு அவருக்கு அந்தக் குடியரசு நாளில் சிறப்பு விருது தந்தது. நானும் ஒரு வங்கி ஊழியர். செய்தியைப் படித்த அன்று என்னால் வேலை பார்க்க முடியவில்லை. மகளை இழந்த ஒரு தாய், மற்றவர்களின் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்.

என்னிடம் ஏக்கர் கணக்கில் நிலம் இல்லை. பின்வடம் பிடிக்க விடுப்பு இருக்கிறது. என்னைப்போல் திருப்பூரிலும் மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் பூம்பாறைக்காரர்கள் பலரிடமும் அது இருக்கிறது. வருடத்தில் பத்து நாள் வீட்டுக்கு வந்து, பகலில் அப்பா அம்மாவோடு இருந்து, அந்த நாலரை முதல் ஆறு வரை பிள்ளைகளோடு உட்கார இருபத்திரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முறை போட்டுக்கொண்டால் வருடத்தில் இருநூறு மாலைக்கு மேல் வருகிறது. பணமாக எங்களுக்கு எதுவும் வேண்டாம். பள்ளி முடிந்தபின் ஒரு வகுப்பறைச் சாவி வேண்டும், ஒரு விளக்கு வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுவின் கண்காணிப்பு வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்களைப் பிள்ளைகளிடம் விடும்போது கேள்வி கேட்க வேண்டியது உங்கள் கடமை, எங்கள் சான்றுகளை முழுமையாகச் சரிபாருங்கள். 2024-இல் அந்தக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தீர்கள். அந்த இடத்தைப் பெயருக்கு இல்லாமல் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மே 1 கிராம சபைக்கு நாங்கள் எல்லோரும் ஊரில் இருப்போம். இந்த மடலை அங்கே தீர்மானமாக வைக்கப் போகிறோம். நீங்கள் அன்றைக்கு மேல்மலைக்கு வாருங்கள். வர முடியாவிட்டால் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஓர் அலுவலரை அனுப்புங்கள். கையில் அந்த வகுப்பறைச் சாவியோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்துப் பெண் ஒருத்தி,
பூம்பாறை.