மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டு, மலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர். அத்தனை நாளும் வீடு நிம்மதியாக இருக்கும். மாலையைக் கழற்றியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கோயிலில் கயிறு கட்டியவர், பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவர், மறுவாழ்வு மையத்தில் இருந்து வந்தவர் என்று பலர் வீட்டிலும் இதே கதைதான். "அப்போது முடிந்தது, இப்போது ஏன் முடியவில்லை?" என்று வீட்டார் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. விரத நாட்களில் அவர் தனியாக இல்லை என்பதே எனக்குத் தெரிந்த பதில். குருசாமி இருந்தார், மாலையில் பஜனை இருந்தது, அதே விரதத்தில் இருந்த நாலு சாமிகள் பக்கத்தில் இருந்தார்கள். மாலை கழன்ற அன்று அந்தக் கூட்டமும் கலைந்துவிட்டது. நிறுத்த அவரால் முடிகிறது. நிறுத்தியபின் வரும் சாதாரண நாட்களுக்குத்தான் துணை இல்லை.

அப்படியொரு துணையைத் தேடி 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒருவர் தொலைபேசியை எடுத்தார். நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரமும் கைகூடவில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் மதுக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவரோ தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து போன் செய்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று வந்தவர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', அதாவது ஏ.ஏ., தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. 1957-இல் அது இந்தியாவுக்கும் வந்தது.

குடும்பத்தில் ஒருவருக்காக ஏ.ஏ.யின் திறந்த கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கேட்டதை எழுத மாட்டேன். அறையில் பேசியது அறையோடு என்பது எல்லாரும் காக்கும் ஒழுங்கு. நடைமுறையைச் சொல்லலாம். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைப் பகிர்கிறார். குறுக்கே யாரும் பேசுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. கட்டணம் கிடையாது. உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதி. கடவுள் பேச்சு வரும். எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு, நம்பிக்கை இல்லாதவரும் உட்காரலாம். மூத்த உறுப்பினர் ஒருவர் ஸ்பான்சராக அமைந்தால், கை நடுங்கும் இரவில் அவரைக் கூப்பிடலாம்.

இதற்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை 2020-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. நோயாளியை ஏ.ஏ.யோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது.

தேடுவது எப்படி? மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். மையத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்துச் சீட்டோடு பக்கத்துக் கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். கிளம்பும் முன் போன் செய்து, தமிழில் நடக்கிறதா, திறந்த கூட்டமா என்று உறுதிசெய்யுங்கள். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். வெளியே தலைகாட்டத் தயங்குபவர்கள் இணையவழிக் கூட்டத்தில் தொடங்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. நாள் தவறாமல் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவர், அப்புறம் கூட்டம். அவருக்குத் தெரியாமல் சோற்றில் மாத்திரை கலப்பதை விட்டுவிடுங்கள். அப்படிக் கலக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவிக்கும் தாய்க்கும் தனியிடம் உண்டு. 1951-இல் பில்லின் மனைவி லோயிஸ் குடும்பத்தாருக்காகத் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் இங்கும் இயங்குகின்றன.

உங்கள் ஊரில் கூட்டமே இல்லையா? குடியை விட்டு நிற்க இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது குழுதான் என்கிறது ஏ.ஏ.யின் மரபு. ஆக்ரனில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆகவே, ஆண்டுக்கணக்கில் குடிக்காமல் இருக்கும் அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போய், உங்கள் கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் அங்குள்ள டாக்டரிடமும் நர்ஸ் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். படுக்கையில் இருப்பவர் சம்மதித்தால் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். அவர் வீடு திரும்பும் வாரத்தில், முதல் கூட்டத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.