ஆணி அடிக்கவும் கவுன்சிலைக் கேட்க வேண்டுமா?

லண்டனில் வீடு தேடும் தமிழர்களிடையே அடிக்கடி காதில் விழும் எச்சரிக்கை இது: "அது கன்சர்வேஷன் ஏரியா. அந்தப் பக்கம் போகாதேங்கோ, ஒரு ஆணி அடிக்கவும் கவுன்சில் விடாது." நம்மவர்கள் அதிகம் வாழும் வெம்பிளி, டூட்டிங் பக்கங்களிலேயே சட்பரி கோர்ட், டோட்டர்டவுன் ஃபீல்ட்ஸ் என்று இத்தகைய பகுதிகள் இருப்பதால், இந்தப் பேச்சை நம்பி நல்ல வீட்டை விட்டவர்களும் உண்டு. நம்பியதாலேயே கவுன்சிலுக்குத் தெரியாமல் கட்டி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

இங்கிலாந்தில் கன்சர்வேஷன் ஏரியா, அதாவது பாதுகாப்புப் பகுதி, என்ற ஏற்பாடு 1967இல் வந்த சட்டத்தோடு தொடங்கியது. முதலில் அறிவிக்கப்பட்டது லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்ட் நகரம். இன்று ஏறக்குறைய பத்தாயிரம் பகுதிகள் உள்ளன. இத்தனை இடங்களிலும் அரை நூற்றாண்டாக யாரும் ஒரு சுவரும் எழுப்பவில்லை என்றால் நம்ப முடிகிறதா?

எதற்கெடுத்தாலும் அனுமதி வேண்டும் என்பது முதல் தவறு. தனித்தனியாகப் பட்டியலிட்டுக் காக்கப்படும் 'லிஸ்டட்' கட்டடங்களுக்கு உள்ள கட்டுப்பாட்டை எல்லா வீடுகளின் தலையிலும் ஏற்றுவதால் வருவது இது. லிஸ்டட் வீட்டில் உட்சுவரில் கை வைப்பதற்கும் ஒப்புதல் தேவைப்படலாம். பாதுகாப்புப் பகுதியிலுள்ள சாதாரண வீட்டில் சமையலறைக்கும் சாப்பாட்டறைக்கும் இடையிலான சுவரை எடுப்பதற்குப் பிளானிங் அனுமதி தேவையில்லை. கட்டட விதிகளின்படி வரும் பரிசோதனை வேறு; அது எல்லா ஊருக்கும் பொது. ஏன், பின்பக்கம் தரைத்தள அளவில் நீட்டிக்கட்டவும் பெரும்பாலும் விண்ணப்பம் வேண்டாம். தனி வீடு என்றால் 4 மீட்டர், ஒட்டிய வீடு என்றால் 3 மீட்டர் ஆழம் வரை போகலாம். உயரம், எல்லைச் சுவரிலிருந்து உள்ள தூரம், வெளித்தோற்றப் பொருள்கள் ஆகியவற்றுக்கு வரம்புகள் உண்டு. முன்பிருந்தவர் கட்டிய நீட்சியும் உங்கள் கணக்கில்தான் சேரும். பிளாட்டுகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

நம்மவர்கள் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். விக்டோரியா காலத்து வரிசை வீடுகளின் பின்பகுதி ஒடுங்கி நீண்டிருக்கும். அதற்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் சந்து கிடக்கும். குப்பைத் தொட்டியும் பாசியும் மட்டுமே வாழும் அந்த இடத்தை மூடிச் சமையலறையை அகலமாக்குவது எல்லோருக்கும் ஆசை. "பின்பக்கம்தானே, கேட்கத் தேவையில்லை" என்பார் பில்டர். சட்டத்தின் கண்ணில், சந்துப் பக்கம் உள்ள உங்கள் சுவர் வீட்டின் பக்கச் சுவர். பாதுகாப்புப் பகுதியில் பக்கவாட்டு நீட்சி எதற்கும் விண்ணப்பித்தே ஆகவேண்டும். விண்ணப்பித்தால் கிடைக்காதா? கிடைக்கும். தெருவிலிருந்து கண்ணுக்குப் படாத, அயலவரின் ஜன்னல் வெளிச்சத்தை அடைக்காத சந்து மூடல்களைக் கவுன்சில்கள் வழக்கமாகவே அனுமதிக்கின்றன.

"விண்ணப்பித்தால் மறுப்புதான்" என்பவர்களுக்குச் சட்டத்தின் வாசகமே பதில். பாதுகாப்புப் பகுதிகள் குறித்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, அந்தப் பகுதியின் தன்மையை அல்லது தோற்றத்தைக் காப்பதிலோ மேம்படுத்துவதிலோ தனிக்கவனம் செலுத்தச் சொல்கிறது. புதிதாக எதுவும் கட்டாதே என்று சொல்லவில்லை. வடக்கே கார்ட்மெல் என்ற ஊரில் பாதிரியார் இல்லத்துத் தோட்டத்தில் புதிய இல்லம் கட்டலாமா என்ற வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. கட்டடம் அந்தப் பகுதியை அழகாக்க வேண்டியதில்லை, அதன் தன்மையைக் கெடுக்காமல் விட்டாலே காத்ததாகும் என்று 1992இல் முடிவானது. இன்றும் அதிகாரி உங்கள் வரைபடத்தைப் பார்ப்பது இந்தக் கண்ணோடுதான். மறுத்தாலும் 12 வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

பழைய பாணியையே நகலெடுக்க வேண்டும் என்பதும் சரியில்லை. அரைகுறைப் போலி விக்டோரியாவைவிட, அளவோடு நிற்கும் கண்ணாடி நீட்சியை விரும்பும் அதிகாரிகள் நிறையப் பேர். அயலவர் எதிர்த்தால் கதை முடிந்தது என்பார்கள். எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதைவிட என்ன காரணம் சொன்னார்கள் என்பதற்கே எடை. என் வீட்டு விலை இறங்கும் என்ற முறைப்பாடு கணக்கில் வராது. என் அறை இருண்டுபோகும் என்பது வரும்.

இதையெல்லாம் சொல்வதால் கட்டுப்பாடே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறிடங்களில் கேட்காமலே செய்யக்கூடிய கூரையைத் துருத்திக் கட்டும் லாஃப்ட் டோர்மருக்கு இங்கே அனுமதி வேண்டும். கூரைச் சரிவோடு ஒட்டிய கண்ணாடி ஜன்னலுக்கு வேண்டாம். வெளிச்சுவரில் கல்லோ பிளாஸ்டிக்கோ ஒட்டுவதற்கும், சாந்து பூசுவதற்கும் கேட்க வேண்டும். மரம் வெட்ட ஆறு வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும். இவற்றுக்கு மேல் 'ஆர்ட்டிக்கிள் 4' என்ற உத்தரவு உங்கள் தெருவுக்கு இருந்தால், முகப்பு ஜன்னலை மாற்றவும் முன்மதிலை இடிக்கவும்கூட விண்ணப்பம் தேவைப்படலாம். "ஆணி" கதை பிறந்தது இந்தத் தெருக்களில்தான் என்பது என் ஊகம். உங்கள் தெருவுக்கு அது உண்டா என்பதைக் கவுன்சிலின் வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் ஆபத்தான அறிவுரை: "சத்தமில்லாமல் கட்டுங்கோ, நாலு வருசம் போனால் ஒன்றும் செய்ய ஏலாது." அந்த நான்கு ஆண்டுக் கணக்கு இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25இலிருந்து கட்டி முடிக்கப்பட்ட வேலைகளுக்குப் பத்து ஆண்டாகிவிட்டது. பாதுகாப்புப் பகுதியில் அனுமதி பெறவேண்டிய இடிப்பை அனுமதியின்றிச் செய்வது குற்றமே. அந்தப் பத்து ஆண்டு முடியுமுன் வீட்டை விற்கப் போனால், வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தப் பின்னறைக்கான காகிதத்தைத்தான். அனுமதி தேவையில்லாத வேலை என்று உறுதியாக இருந்தாலும், கட்டும் முன்பே கவுன்சிலிடம் சட்டபூர்வச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். வீட்டு நீட்சிக்கான விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக ஏறியது. சான்றிதழுக்கு அதில் பாதிதான்.