"பயப்படாதே" என்று இனி சொல்ல மாட்டேன்

காலை மணி 7.30. புல்லில் பனி இன்னும் காயவில்லை. பள்ளிகளுக்கிடையிலான கோல்ஃப் போட்டி தொடங்க இன்னும் 10 நிமிடங்கள் இருந்தன. எங்கள் பள்ளியின் நான்காம் படிவ மாணவி ஒருத்தி மட்டையைப் பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

"சார், கை நடுங்குது."

நான் பொறுப்பாசிரியர். ஆறுதல் சொல்வது என் கடமை அல்லவா? "பயப்படாதேமா. ரிலாக்ஸா இரு. தலையைத் தூக்காதே, இடது கையை நேரா வச்சுக்கோ, மெதுவா அடி" என்றேன். நல்ல மனத்தோடுதான் சொன்னேன்.

பயிற்சியில் 85 அடிகளில் 18 குழிகளையும் முடிப்பவள் அன்று 97 அடிகள் எடுத்தாள். ஒரு மீட்டர் தூரத்தில் இருந்த பந்தைக்கூட இரண்டு முறை குழிக்குள் போடத் தவறினாள். வீடு திரும்பும் வழியில் பள்ளி வேனில் அவள் சொன்ன ஒரு வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: "சார், நீங்க சொன்னதையேதான் ஒவ்வோர் அடிக்கும் நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

மாணவர்களே, அறிவியல் ஆசிரியராகிய நான் அன்று கொடுத்த அறிவுரை அறிவியலுக்கு ஒத்துவராதது. ஏன் என்று சொல்கிறேன்.

"கோல்ஃப் எனக்கு எதற்கு? அது பணக்காரர்கள் விளையாட்டு" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மாரிமுத்து இராமையா, பெரியசாமி குணசேகரன் போன்ற நம்மவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாக இந்நாட்டிலிருந்து சென்று ஆடியிருக்கிறார்கள். அதோடு, சபைகூடலில் மேடையேறும்போதும், திருமுறை ஓதும் போட்டியிலும், எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்திலும் உங்கள் கை நடுங்குவதற்கும் அந்த மாணவியின் கை நடுங்கியதற்கும் காரணம் ஒன்றுதான்.

உடலில் என்ன நடக்கிறது?

முக்கியமான ஒன்று வரப்போகிறது என்று மூளை உணர்ந்தவுடன், பரிவு நரம்பு மண்டலம் வேலையைத் தொடங்குகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. செரிமான உறுப்புகளுக்குப் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. அதனால் வயிற்றைப் பிசைகிறது. தோலுக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் விரல்கள் சில்லிடுகின்றன. எல்லார் கையிலும் எப்போதும் இருக்கும் மிக நுண்ணிய நடுக்கம் அட்ரினலினால் கூடுகிறது. அப்போதுதான் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதில் நோய் ஏதும் இல்லை. கோழைத்தனமும் இல்லை. புலியைக் கண்டால் ஓடுவதற்கு உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. கோல்ஃப் திடலில் புலி இல்லை என்பது மட்டும்தான் சிக்கல்.

"மனோதிடம் இல்லாதவர்களுக்குத்தான் கை நடுங்கும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். இதயத் துடிப்பைக் குறைக்கவும் கை நடுக்கத்தைத் தணிக்கவும் பயன்படும் பீட்டா தடுப்பு மருந்துகளைக் கோல்ஃப் போட்டிகளின்போது பயன்படுத்துவதை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தடை செய்திருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இவ்வகை மருந்து உடலில் இருந்ததால் வடகொரியத் துப்பாக்கி சுடும் வீரர் ஒருவர் இரண்டு பதக்கங்களை இழந்தார். ஒரு மாத்திரையால் அடக்கக்கூடிய நடுக்கத்தைக் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது? அது உடலின் வேதியியல்.

ஒரு பாகை போதும்

அப்படியானால் கோல்ஃப் ஏன் இவ்வளவு சோதிக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் மையம் குழியின் விளிம்புக்கு வெளியே போனால் பந்து உள்ளே விழாது. அதாவது, குழியின் நடுவிலிருந்து இரு பக்கமும் 54 மில்லிமீட்டர்தான் இடம். 3 மீட்டர் தூரத்திலிருந்து உருட்டினால், 54-ஐ 3000-ஆல் வகுத்துக் கோணத்தைக் கண்டுபிடியுங்கள். ஏறக்குறைய 1 பாகை வரும். கடிகாரத்தின் நிமிட முள் 10 விநாடிகளில் நகரும் கோணம் அது. அவ்வளவு விலகினாலே பந்து வெளியே.

பந்தை 200 மீட்டர் பறக்கவிடும் முதல் அடிக்கு அட்ரினலின் தரும் வேகம் உதவக்கூடும். இரண்டு மீட்டர் உருட்டும் அடிக்கு அதே வேகம் தொல்லை. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலும் இதைப் போன்ற ஒன்று தெரிந்தது. எளிய வேலையைக் கற்க வலுவான தூண்டல் உதவியது. நுணுக்கமான வேலைக்கோ அளவான தூண்டலே சிறந்ததாக இருந்தது. கோல்ஃப் ஆட்டக்காரர் இந்த இரண்டு வகை வேலையையும் ஐந்தே நிமிட இடைவெளியில் செய்ய வேண்டியிருக்கிறது.

நான் செய்த தவறு

இப்போது என் அறிவுரைக்கு வருகிறேன். ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். பிறகு, ஒவ்வொரு வளைவையும் எப்படி வளைக்கிறீர்கள் என்று கவனித்துக்கொண்டே இன்னொரு முறை போடுங்கள். இரண்டாவது கையெழுத்து உங்களுடையது போலவே இருக்காது. நன்றாகப் பழகிய செயலை மூளை தானாகவே நடத்துகிறது. அதில் நாம் தலையிட்டால் தடுமாறுகிறது.

சியான் பைலாக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். ஒரு முறை மட்டையின் அசைவைக் கவனித்துக்கொண்டே பந்தை உருட்டச் சொன்னார்கள். இன்னொரு முறை, ஒலிக்கும் சத்தங்களைக் காது கொடுத்துக் கேட்டபடியே உருட்டச் சொன்னார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு அசைவைக் கவனிப்பது உதவியது. தேர்ந்தவர்களோ அசைவைக் கவனித்தபோதுதான் மோசமாக ஆடினார்கள். கவனம் வேறு பக்கம் போனபோது நன்றாக ஆடினார்கள். 2004-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், விரைவாக அடிக்கச் சொன்னபோது தேர்ந்தவர்கள் மேலும் துல்லியமாக ஆடியதும் தெரியவந்தது.

"தலையைத் தூக்காதே, கையை நேரா வச்சுக்கோ" என்று நான் சொன்னது, இரண்டு ஆண்டுகளாகப் பழகிய ஒருத்தியை முதல் நாள் மாணவியாக்கிவிட்டது. "பயப்படாதே" என்றதோ, பயம் ஒரு குற்றம் என்று அவளுக்கு உணர்த்திவிட்டது. நடுக்கத்தோடு, நடுங்குகிறோமே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது.

உலக வீரர்களுக்கும் உண்டு

1996 மாஸ்டர்ஸ் போட்டியில் ஆஸ்திரேலியாவின் கிரெக் நார்மன் 6 அடிகள் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கினார். அன்று அவர் 78 அடிகள் எடுத்தார். 67 அடிகள் எடுத்த நிக் ஃபால்டோ 5 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். 2011-இல் அதே மாஸ்டர்ஸில் 4 அடிகள் முன்னிலையில் இருந்த வட அயர்லாந்து இளைஞர் ரோரி மெக்கில்ராய் கடைசி நாளில் 80 அடிகள் எடுத்துச் சரிந்தார். ஆனால் இரண்டே மாதங்களில் அமெரிக்கப் பொது விருதை 8 அடிகள் வித்தியாசத்தில் வென்றார்.

மாஸ்டர்ஸ் பட்டத்தை வெல்ல அவருக்கு 14 ஆண்டுகள் ஆயின. 2025-இல், வெற்றியை உறுதி செய்ய வேண்டிய கடைசிக் குழியில், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தூரப் பந்தை அவர் தவறவிட்டார். பிறகு ஜஸ்டின் ரோஸுடன் கூடுதல் ஆட்டம் ஆடித்தான் வென்றார். அத்தனை அனுபவத்துக்குப் பிறகும் கைதவறியது. தவறிய சில நிமிடங்களில் அடுத்த அடியை அடிக்க அவரால் முடிந்ததே, அதைத்தான் நாம் கற்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், பெயரை மாற்றுங்கள். 2014-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பாடவோ பேசவோ போகும்முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் சிறப்பாகச் செய்தார்கள். ஓடும் இதயத்தை நிறுத்துவது கடினம். அது எதற்காக ஓடுகிறது என்பதற்கு வேறு பொருள் கொடுப்பது எளிது.

இரண்டாவது, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், விடும்போது குறையும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியக்கூடும். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். ஐந்தாறு முறை போதும்.

மூன்றாவது, ஒவ்வோர் அடிக்கும் முன் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுங்கள். பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பது, ஒரு முறை வெறும் மட்டையை வீசுவது, பந்தின் மேல் கண்ணைச் சில விநாடிகள் நிறுத்துவது, அடிப்பது. கனடாவின் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர், தேர்ந்த ஆட்டக்காரர்களின் கண் அடிக்கும் முன் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதைக் கண்டறிந்து அதற்கு 'அமைதியான கண்' என்று பெயரிட்டார். கை கால்களைப் பற்றிய எண்ணங்களுக்கு அந்த ஒழுங்கில் இடம் வேண்டாம்.

நான்காவது, இடைவேளையைப் பயன்படுத்துங்கள். ஓர் அடிக்கு 2 விநாடிகள் என்றால், 72 அடிகளுக்கு 144 விநாடிகள், அதாவது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. ஆட்டமோ நான்கு மணி நேரத்துக்குமேல் நீடிக்கும். மீதி நேரம் முழுதும் போன அடியையே நினைத்தால் யார்தான் தாங்குவார்? நடங்கள், தண்ணீர் குடியுங்கள், வாழைப்பழம் சாப்பிடுங்கள், நண்பரோடு பேசுங்கள். பந்தருகே வந்ததும் திரும்ப ஒழுங்குக்குள் நுழையுங்கள். காலையில் கோப்பியையும் சக்தி பானத்தையும் தவிர்ப்பது நல்லது. காஃபின் நடுக்கத்தைக் கூட்டும்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம்: பதற்றத்தோடு பயிற்சி செய்யுங்கள். அம்பெய்வது போல எறியும் டார்ட்ஸ் விளையாட்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், லேசான பதற்றத்தோடு பயிற்சி பெற்றவர்கள் பெரிய பதற்றத்திலும் தடுமாறாமல் எறிந்தார்கள். எங்கள் பள்ளியில் இப்போது பயிற்சியின் கடைசி ஐந்து பந்துகளை எல்லாரும் சுற்றி நின்று பார்க்க, ஒருவர் மட்டும் உருட்ட வேண்டும். தோற்றவர் எல்லாருக்கும் ஐஸ் மைலோ வாங்கித் தர வேண்டும். மைலோதானே என்று நினைக்காதீர்கள். கை நன்றாகவே நடுங்குகிறது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை

தட்டச்சையும் நீச்சலையும் கற்றுக்கொடுக்கும் நாம், பதற்றத்தைச் சமாளிப்பதை மட்டும் பிள்ளைகளின் பிறவிக்குணத்துக்கு விட்டுவிடுகிறோம். நடுங்கும் பிள்ளையைப் "பயந்தாங்கொள்ளி" என்கிறோம். இது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. பதற்றத்தைச் சமாளிப்பதும் பயிற்சியால் வரும் திறன்தான். புறப்பாட நடவடிக்கைகளில் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை அடி?" என்று கேட்கும் முன் "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூட அடுத்த போட்டிக்கு அது உதவும்.

அந்த மாணவி அடுத்த பருவத்தில் மீண்டும் ஆடினாள். தொடங்கும் இடத்தில் நான் "போய்ட்டு வாமா" என்று மட்டும் சொன்னேன். ஏழாவது குழியில் அவள் ஒரு சின்ன பந்தைத் தவறவிட்டதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். நின்றாள். மூச்சை விட்டாள். தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு எட்டாவது குழிக்கு நடந்தாள். 88 அடிகள். பரிசு இல்லை.

"இன்னிக்கும் கை நடுங்குச்சு சார்" என்றாள். "ஆனா, நடுங்கட்டும்னு விட்டுட்டேன்."

இந்த வார இறுதியில் நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு குவளையைத் தரையில் படுக்க வையுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு சிறிய பந்தைப் பத்து முறை உருட்டுங்கள். முதலில் தனியாக, பிறகு வீட்டில் உள்ளவர்கள் பார்க்க, அதன் பிறகு மூச்சை ஆறு எண்ணி விட்டு, ஒரே ஒழுங்கில். மூன்று முறையும் எத்தனை பந்துகள் உள்ளே போயின என்று அட்டவணையில் எழுதுங்கள். ஒரே நாளின் முடிவை நம்பிவிடாமல் மூன்று நாள்கள் செய்யுங்கள். உங்கள் உடலைப் பற்றிய உண்மையை உங்கள் எண்களே சொல்லட்டும்.